பென்டியம் ஓவர்டிரைவ் சாகல, ஃபேன்தான் நின்னுபோயிருந்துச்சு

போன மாசம் புனலூர்ல ஒரு பழைய டிடிபி கடையைக் காலி பண்ணுறாங்கன்னு கேள்விப்பட்டு செங்கோட்டைல ரயில் ஏறி, ஆரியங்காவு குகையெல்லாம் தாண்டிப் போய் எறங்கினேன். கடைக்கார சேட்டன் "ஆக்ரிக்குப் போட வச்சதாக்கும் அண்ணாச்சி, எடுத்துக்கோ"ன்னு (ஆக்ரின்னா பழைய சாமான் கடை) ஒரு 486 போர்டை, அதாவது பென்டியத்துக்கு முந்தின 486 சிப்புக்கான மதர்போர்டை நீட்டினாரு. அதுல இருந்த சிப்பைப் பாத்ததும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருச்சு, இன்டெல்லோட பென்டியம் ஓவர்டிரைவ் ப்ராசஸர், 83 மெகாஹெர்ட்ஸ்!

1995ல வந்தது இது. போர்டை மாத்தாம 486 சாக்கெட்லயே பென்டியம் போட்டுக்கலாம்னு கொண்டுவந்தாங்க. பென்டியத்துக்கு டேட்டா பஸ் (சிப்புக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போற வழி) 64 பிட், ஆனா இந்த சாக்கெட்ல 32தான், அந்தக் குறையைச் சமாளிக்க உள்ளயே 32 கேபி கேஷ்ங்கிற வேகமான மெமரி வச்சிருக்காங்க, அதான் எனக்கு இந்த சிப்பு மேல இவ்வளவு பிரியம்.

மொதல்ல போர்டு. நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகி பச்சையா பூத்திருந்துச்சு, எங்க ஊரு சாரல் ஈரத்துல இதை அப்படியே விட்டா போர்டுல கரண்ட் போற செம்புக் கோட்டை, அதான் ட்ராக்கைத் தின்னுரும். பேட்டரியை வெட்டி எடுத்துட்டு, ஒழுகினது காரம்ங்கிறதால வினிகர் தொட்டுத் தேச்சு, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுக் கழுவி, மல்டிமீட்டர் வச்சு ஒவ்வொரு ட்ராக்கா பாத்தேன், ஒண்ணு மட்டும் அறுந்திருந்துச்சு, மெல்லிசு வயர் வச்சு பத்த வச்சாச்சு. பவர் குடுக்கும்போது பவர் சப்ளைல இருந்து வர பி8, பி9 ரெண்டு கனெக்டரோட கருப்பு வயரும் நடுவுல ஒட்டி வரணும், மாத்திச் சொருகினா போர்டு போச்சு.

ஆன் பண்ணினா டாஸ் (அந்தக் கால ஆப்பரேட்டிங் சிஸ்டம்) வந்துருச்சு, ஆனா ஸ்பீட் டெஸ்ட்ல 33 மெகாஹெர்ட்ஸ்னு காட்டுது. போர்டு செட்டிங்கை மாத்துற ஜம்பர் எல்லாம் மாத்திப் பாத்தேன், கேஷை ஆஃப் பண்ணிப் பாத்தேன், ரெண்டு நாளு இதே வேலை, டூம் கேம் போட்டா என்கிட்ட இருக்க 66 மெகாஹெர்ட்ஸ் 486 சிப்பு, டிஎக்ஸ்2-66ஐ விட மெதுவா நகருது, சிப்பு போயிருச்சுன்னே மனசு ஒடஞ்சு போச்சு.

அப்புறம்தான் ரிப்பன் கேபிளை ஒதுக்கிப் பாக்கேன், சிப்பு மேல இருக்க ஃபேன் சுத்தவே இல்ல. இந்த சிப்பு தன்னோட ஃபேனைத் தானே கண்காணிக்கும், ஃபேன் நின்னா இரண்டரை மடங்கு வேகத்தை விட்டுட்டு போர்டோட பஸ் வேகமான 33க்கே எறங்கிரும், எரிஞ்சு போகாம தன்னைக் காப்பாத்திக்கிட்டு அந்தக் கடைல எத்தனை வருசம் அப்படியே ஓடுச்சோ! ஃபேனுக்குத் தனி வயர் கெடையாது, சிப்பு மேலயே ஸ்பிரிங் மாதிரி காண்டாக்ட்தான். கிளிப்பை நெம்பிக் கழட்டி, காண்டாக்டைத் தொடச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். சுத்துச்சு. 83னு காட்டுச்சு. உங்ககிட்ட இது 33 காட்டுதுன்னா தயவுசெஞ்சு ஆக்ரிக்குப் போட்டுராதீங்க.

ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓடுச்சு, ஒரு எரர் இல்ல. அடுத்து இதே போர்டுல ஏஎம்டி கம்பெனியோட 5எக்ஸ்86-133 சிப்பைப் போட்டுப் பாக்கணும், அதுக்கு 3.45 வோல்ட்தான் ஆகும், 5 வோல்ட்ல வச்சா சிப்பு தாங்காது, அதனால மொதல்ல வோல்டேஜைக் குறைக்கிற ரெகுலேட்டர் ரெடி பண்ணணும்.