மாண்டூ டெஸ்டும் வாரம் ஒருமுறை மாத்திரையும்

மாமாவுக்கு நுரையீரலில் டிபி என்று சளிப் பரிசோதனையில் உறுதியானதும், வீட்டில் உள்ள எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாகவே இருந்தது. அப்புறம் எதற்கு மாண்டூ என்கிற தோல் பரிசோதனை என்று கேட்டேன். "கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் எக்ஸ்ரேவில் தெரியாதும்மா. கிருமியோடு சண்டை போடுற வெள்ளை அணுக்களான உங்க டி செல்களைத்தான் கேட்கணும்" என்றார்.

முன்கையின் உட்பக்கம், தோலுக்குள்ளேயே 0.1 மில்லி மருந்து. அதில் உயிருள்ள கிருமி கிடையாது, காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதம்தான். கொசு கடித்த மாதிரி எழும்பிய கொப்புளம் கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிட்டது. அன்று ராத்திரி ஒன்றுமில்லை. மறுநாள் சாயங்காலம்தான் அரிக்கத் தொடங்கி, பிறகு தடித்தது.

இந்தத் தாமதத்தில்தான் விஷயமே இருக்கிறது. சில நிமிடங்களில் தடிக்கிற அலர்ஜி, ஆன்டிபாடி என்கிற ரத்தப் புரதத்தின் வேலை. டி செல்கள் அப்படி அவசரப்படுவதில்லை. இந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்த நினைவு டி செல்கள் அந்த இடத்துக்கு வந்து, புரதத்தை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்கிற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, மேக்ரோபேஜ் என்கிற விழுங்கும் செல்களைக் கூட்டிச் சேர்க்க 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கிறது.

அளவெடுத்த சிஸ்டர் தோலின் சிவப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. பால்பாயின்ட் பேனாவை இரண்டு பக்கமிருந்தும் நகர்த்தி, தடிப்பு தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தி, நடுவில் ஸ்கேல் வைத்தார். 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. சின்ன வயதில் போட்ட பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசியாலும் தடிக்கலாம் என்பதால், அடுத்து ஐக்ரா என்கிற ரத்தப் பரிசோதனை. பிசிஜியில் இல்லாத காசநோய்ப் புரதங்களை டியூபில் ரத்தத்தோடு சேர்த்து, டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா விடுகின்றனவா என்று பார்ப்பார்கள். விட்டன.

பாசிட்டிவ் என்றதும் அத்தை அழுதே விட்டார். எனக்கு என்னவோ டி செல்கள் மேல் மரியாதைதான் வந்தது. மேக்ரோபேஜ் கிருமியை விழுங்கினாலும், டி செல்களில் ஒரு வகையான சிடி4 டி செல் தூண்டிவிட்டால்தான் அதற்குக் கொல்லும் வேகம் வருகிறது. மிஞ்சிய கிருமிகளை இரண்டும் சேர்ந்து சுற்றி வளைத்து அடைத்து வைக்கின்றன. எச்ஐவி, கட்டுக்கடங்காத சர்க்கரை, நீண்டநாள் ஸ்டீராய்டு என்று ஏதாவது வந்து அந்தக் காவல் தளர்ந்தால் கிருமி விழித்துக்கொள்ளும். அதற்கு முன்பே அதைத் தீர்த்துக்கட்டத்தான் மாத்திரை.

ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் இரண்டும் வாரம் ஒருமுறை, 12 வாரம், சாப்பாட்டோடு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ரிஃபாபென்டின் அதன் பலனைக் குறைத்துவிடும்.