அப்பாவின் ஒற்றைக்குழல் துவக்கை என் பெயருக்கு மாற்றிய கதை

பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பாவுக்கு வழங்கப்பட்டிருந்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) ஒற்றைக்குழல் துவக்கு, அவர் காலமானதும் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, நீண்ட இழுபறிக்குப் பின் இப்போது என் பெயரில் வீட்டுக்கு வந்திருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் வயல் செய்பவர்கள் பலர் இதே அலைச்சலில் இருப்பதால், விண்ணப்பப் படிவம் சொல்லாதவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராம உத்தியோகத்தரின் சான்று, காணி உறுதி, மரணச் சான்றிதழ், மருத்துவச் சான்று, கூடப்பிறந்தவர்களின் சம்மதக் கடிதங்கள் ஆகியவை அதிகச் சிரமமின்றிக் கிடைத்தன. வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் கடிதம் மட்டும் சற்றுத் தாமதித்தது.

சிக்கல் துவக்கின் இலக்கத்தில் வந்தது. குழலில் பொறித்திருந்த இலக்கத்தில் 3 இருந்த இடத்தில், அப்பாவின் கடைசி அனுமதிப்பத்திரத்தில் 8 என்று எழுதப்பட்டிருந்தது. ஏதோ ஓர் ஆண்டில் புதுப்பிக்கும்போது யாரோ கண்ணை ஓட்டிப் பிரதிபண்ணியதில் நேர்ந்த பிழை அது என்பது பார்த்த எவருக்கும் புரியும். ஆனால், அனுமதிப்பத்திரம் வழங்கும் மாவட்டச் செயலக அலுவலகத்தில் அந்தக் கோப்புக்குப் பொறுப்பாக இருந்த உத்தியோகத்தர், பொலிஸார் துவக்கைப் பரிசோதித்துக் கடிதம் தந்தால்தான் திருத்த முடியும் என்றார். பொலிஸ் நிலையத்துக்குப் போனால், அலுவலகத்திலிருந்து எழுத்துமூலக் கோரிக்கை வராமல் களஞ்சியத்தைத் திறந்து துவக்கை வெளியே எடுக்க முடியாது என்றார்கள். திரும்பி வந்து அந்தக் கோரிக்கையைக் கேட்டால், “இலக்கம் சரியெண்டு உறுதியாகாத துவக்குக்கு நான் எப்பிடித் தம்பி கடிதம் போடுறது?” என்ற பதில் கிடைத்தது. பொதுமக்கள் தினம் என்று நம்பிப் போன ஒரு நாளில் அவர் பயிற்சிக்குப் போயிருந்தார். அவருடைய மேசைக்குப் பதில் சொல்ல அங்கே வேறு எவரும் இருக்கவில்லை. ஆகவே, புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருடைய சந்தேகத்தை நான் முற்றாகக் குறை சொல்லமாட்டேன். பல ஆண்டுகள் போர் நடந்த மாவட்டத்தில், இலக்கம் பொருந்தாத துவக்கு என்றால் எந்த உத்தியோகத்தரும் இரண்டு முறை யோசிப்பார். யோசித்த பின் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தால், நான் இதை எழுதியிருக்க வேண்டியதில்லை.

இதற்கிடையே சிறுபோக நெல் பால் பிடித்த நேரத்தில் பன்றிகள் இறங்கின. இரவுக் காவலுக்குப் பட்டாசும் டோர்ச்சும்தான் மிஞ்சின. எங்கள் நிலையைப் பார்த்து இரங்கிய ஒருவர், கட்டுத்துவக்கு ஒன்று ஏற்பாடு பண்ணித் தரவா என்று வெகு சாதாரணமாகக் கேட்டார். விலங்கு நடக்கும் தடத்தில் கம்பியை இழுத்துக் கட்டி, கால் பட்டதும் வெடிக்கும்படி வைக்கும் அந்த நாட்டுக் குழாய்க்குப் பன்றி, யானை, விறகு பொறுக்கப் போன மனிதர் என்ற பேதம் எதுவும் தெரியாது. அது சட்டவிரோதம் என்பதும் ஊரில் அனைவருக்கும் தெரியும். அதற்கு இலக்கம் இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, ஆகவே அதற்காக எந்த மேசையின் முன்னும் எவரும் நிற்க வேண்டியதும் இல்லை. நான் மறுத்துவிட்டேன், ஆனால், அன்றிரவு காவல் குடிலில் இருந்தபடி இந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1996இல் அதைத் திருத்தி, தன்னியக்கத் துப்பாக்கிக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்தார்கள். அப்படியிருந்தும் ரி-56 துப்பாக்கியால் சுடப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, புத்தகத்தின் தாள்களை வெட்டி அதற்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட ரிவோல்வரால் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பதிவில் இருக்கும் துவக்கு எங்கே, யாரிடம், எத்தனை தோட்டாவுடன் இருக்கிறது என்பதை இந்தச் சட்டம் நன்றாகவே கவனிக்கிறது என்பதை என் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறேன். பதிவுக்கு வராத துவக்கைத் தேடிப் பிடிக்கும் வேலை அதே அக்கறையோடு நடப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முடிச்சை அவிழ்த்தது அம்மாவின் அலுமாரி. அப்பா பழைய அனுமதிப்பத்திரங்களை வீசாமல் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். அவற்றுள் முந்தையவை அனைத்திலும் 3 என்றே இருந்தது, ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் அது 8 ஆகியிருந்தது. எல்லாவற்றையும் படிபண்ணி, பிழை தொடங்கிய இடத்தைச் சிவப்பால் குறித்து, ஒரு பக்கக் கடிதத்தோடு மேலதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்து, பொலிஸுக்கான கோரிக்கையில் அங்கேயே கையொப்பமிட்டார். அதன் பிறகு பரிசோதனையும் திருத்தமும் தடையின்றி நடந்தன.

ஆகவே, இதே வழியில் போகிறவர்கள் துவக்கை ஒப்படைப்பதற்கு முன் இலக்கம் பொறித்த இடத்தைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பொலிஸார் தரும் பற்றுச்சீட்டில் அந்த இலக்கத்தைக் குழலைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரத்தைப் பார்த்து எழுதினால் பழைய பிழை அப்படியே அதிலும் ஏறிவிடும். சிங்களத்தில் எழுதப்பட்ட பெயர் மரணச் சான்றிதழோடு பொருந்துகிறதா என்பதைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். களஞ்சியத்தில் கிடக்கும் துவக்கு துருப்பிடிக்கும் என்பதால், ஒப்படைக்கும் நாளிலேயே எண்ணெய் பூசிக் கொடுங்கள். எங்களுடையதைத் துப்புரவாக்கவே தனியாகச் செலவழிந்தது.

துவக்கு கைக்கு வந்தபோது சிறுபோகம் அறுவடை முடிந்து, பெரும்போகத்துக்கு வயல் உழுதுகொண்டிருந்தோம். அனுமதிப்பத்திரம் எந்த மாதத்தில் கிடைத்தாலும் டிசம்பர் 31 உடன் காலாவதியாகும் என்பதால், அடுத்த ஆண்டுக்கான புதுப்பித்தல் விண்ணப்பத்தையும் அன்றே அதே மேசையில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.