பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறதா?

நீச்சல் குளங்களுக்கும் வெந்நீர் ஸ்பாக்களுக்கும் மின் பேனல் அமைத்துப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்றும் ஒரு பேனலின் கதவைத் திறந்ததும் என் கண் முதலில் தேடுவது பிரேக்கரையும், பம்புக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் காந்தச் சுவிட்சான காண்டாக்டரையும் அல்ல, வரைபடத்தில் இல்லாமல் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு துண்டு வயரைத்தான். அப்படி ஒரு வயரை முதன்முதலில் பார்த்தபோது அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. வடிகட்டி அறையைக் கவனித்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, இது எதுக்கு?" என்று கேட்டேன். "அந்த ஃப்ளோ சுவிட்ச் அடிக்கடி கட் ஆயிடுது தம்பி, அதனால டைரக்ட் கொடுத்துட்டோம். பம்ப் ஓடிட்டுதானே இருக்கு?" என்றார். அவர் சோம்பேறியோ அலட்சியக்காரரோ அல்லர். அலாரம் ஒலிக்கும்போதெல்லாம் திட்டு வாங்கியவர் அவர், அவ்வளவுதான்.

பம்ப் ஓடியது உண்மை. பேனலின் முகப்பில் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் அந்த விளக்கு காண்டாக்டரின் துணைத் தொடர்பிலிருந்து எரிவது. காண்டாக்டரின் காயிலுக்கு மின்சாரம் போய், அது உள்ளே இழுத்துக்கொண்டது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. உறிஞ்சு குழாயின் வால்வு மூடியிருந்தாலும், முன் வடிகட்டியில் இலையும் முடியும் அடைத்திருந்தாலும், பம்ப் காற்றைப் பிடித்து வெறுமனே சுற்றினாலும் அது பச்சையாகத்தான் எரியும். குழாயில் தண்ணீர் நகர்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே பொருள், நீரோட்டம் தன் துடுப்பைத் தள்ளும்போது இயங்கும் அந்த ஃப்ளோ சுவிட்ச். அதன் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து, அதைத்தான் ஒரு சாண் வயர் ஊமையாக்கியிருந்தது.

அந்தச் சுவிட்சை நம்பி இருந்தவை இரண்டு டோசிங் பம்புகள். ஒன்று கிருமிகளைக் கொல்லச் சோடியம் ஹைப்போகுளோரைட் செலுத்துவது, மற்றொன்று பி.எச். அளவைக் குறைக்க அமிலம் செலுத்துவது. தண்ணீர் ஓடும்போது இரண்டும் பெருமளவு நீரில் கரைந்து போய்விடுவதால் தீங்கில்லை. ஓட்டம் நின்ற பிறகும் அவை சொட்டிக்கொண்டே இருந்தால், அசையாத குழாய்க்குள் இரண்டும் அடர்த்தியாகச் சந்திக்கின்றன. சந்தித்தால் பிறப்பது குளோரின் வாயு. மறுபடி ஓட்டம் தொடங்கும்போது குழாயில் தேங்கிய அவ்வளவும் குளத்துச் சுவரிலுள்ள திரும்பு வாய்கள் வழியாகக் குளிப்பவர்களின் முகத்துக்கு நேராக வெளியேறும். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. அளவிடும் மின்முனைகள் இருக்கும் சிறு கலத்திலும் நீர் தேங்கி நிற்பதால், அதிலுள்ள குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பார்த்து, குளத்துக்கே குளோரின் போதவில்லை என்று முடிவு செய்து, இன்னும் செலுத்து என்று கட்டளையிடுகிறது. கருவி பழுதில்லாமல், தான் பார்ப்பதை வைத்துச் சரியாகவே வேலை செய்து ஆபத்தை வளர்க்கும் விசித்திரத்தை நான் வேறு எந்தத் தொழிலகத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை.

வயரைக் கழற்றியதும் அலாரம் ஒலித்தது. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். துடுப்பு தடையின்றி அசைந்தது, தொடர்புகள் சுத்தமாக இருந்தன. மணல் வடிகட்டியின் முன்னும் பின்னும் இருந்த அழுத்தமானிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பின்னோட்டக் கழுவல் நெடுநாள் நடக்காததால் மணல் இறுகி, ஓட்டம் மெய்யாகவே பாதிக்கும் கீழே போயிருந்தது. அத்தனை நாளும் சுவிட்ச் சொன்னது உண்மை. அன்றிலிருந்து என் வரைபடங்களில் ஒரு நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்த்துவருகிறேன்: பம்ப் நின்று முப்பது விநாடி கழிந்த பிறகும் ஃப்ளோ சுவிட்ச் "ஓட்டம் இருக்கிறது" என்று சொன்னால், சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள்; எதுவானாலும் டோசிங் தொடங்கக் கூடாது. இதற்கு ஒரு டைமரும் ஒரு ரிலேயும் போதும்.

ஸ்பாவில் இதே பாடம் வேறு உருவில் வரும். வெப்பநிலையை அறியப் பயன்படும் தெர்மிஸ்டரின் தடை, சூடு ஏற ஏறக் குறையும் வகையைச் சேர்ந்தது. அதன் கம்பி ஈரத்தில் அரித்து அறுந்துபோனால், எல்லையற்ற தடையைக் கருவி மிகக் குளிர்ந்த நீர் என்று படித்துக்கொண்டு ஹீட்டரை விடாமல் எரிய வைக்கும். 40 டிகிரி செல்சியஸ்தான் ஸ்பா நீருக்கு உச்ச வரம்பாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேல் உடல் தன் சூட்டை வெளியேற்ற வழியின்றி மயக்கம் வரும், நீருக்குள் மயங்குவது வேறு கதை. எனவேதான் முதன்மைக் கருவியோடு எந்தத் தொடர்பும் இல்லாத, கையால் மட்டுமே மீட்டமைக்கக்கூடிய ஒரு மேல்வரம்புத் தெர்மோஸ்டாட் ஹீட்டரின் மின்பாதையிலேயே தனியாக இருக்க வேண்டும். அது தானாக மீட்டமைந்துகொள்ளும் வகையாக இருந்தால் இரவு முழுவதும் அணைந்து எரிந்து அணைந்து, காலையில் எதுவும் நடக்காதது போல் இருக்கும். அவசர நிறுத்தப் பொத்தானையும், அழுத்தாதபோது மூடியிருந்து மின்சாரத்தை விடும் தொடர்பாகவே அமைக்கிறோம். கம்பி அறுந்தால் எந்திரம் நிற்க வேண்டுமே தவிர, பொத்தான் செத்துப்போகக் கூடாது.

கசிவு மின்னோட்டப் பாதுகாப்பைப் பற்றி நிலவும் நம்பிக்கை சற்று அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமான 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. உலர்ந்த தரையில் நிற்பவரின் இதயத்தைக் காக்க அளவிடப்பட்டது. நீந்துகிறவருக்கு அதற்கு வெகு முன்பே தசைகள் பிடித்துக்கொள்ளும். கையும் காலும் சொன்னபடி கேட்காவிட்டால் இதயம் நன்றாக இருந்தும் அவர் மூழ்கிவிடுவார். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளில், பிடித்த கம்பியை ஏறக்குறைய எல்லோராலும் விட்டுவிட முடிகிற எல்லை ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 மில்லியாம்பியர் என்று கணித்தார். அமெரிக்காவில் 4 முதல் 6 மில்லியாம்பியருக்குள் துண்டிக்கும் சாதனம் வற்புறுத்தப்படுவதும், அங்கே 1968இல் அது முதன்முதலாகக் கட்டாயமாக்கப்பட்ட இடம் நீருக்கடியில் உள்ள குளத்து விளக்குகளாக இருந்ததும் தற்செயல் அல்ல. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதிகள் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன: தொட்டிக்குள் மாறுதிசை மின்சாரமானால் 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது, அதைத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் முதன்மைச் சுற்றிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பம்பின் வேகத்தை மாற்றும் டிரைவிலுள்ள மின்இரைச்சல் வடிப்பானிலிருந்து இயல்பாகவே கொஞ்சம் மின்சாரம் கசிவதால் ஆர்.சி.டி. டிரிப் ஆகிறது என்று சொல்லி, 300 மில்லியாம்பியர் சாதனத்தை மாட்டிவிட்டுப் போன ஓர் இடத்தையும் பார்த்திருக்கிறேன். டிரைவுக்குத் தனிச் சுற்றும், நேர்திசைக் கசிவையும் உணரும் பி வகை ஆர்.சி.டி.யும் கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் அது.

எந்த ஆர்.சி.டி.யாலும் பிடிக்க முடியாத ஒன்றை ஒரு குளத்தின் ஏணியில் சந்தித்தேன். ஈரத் தரையில் நின்றுகொண்டு எஃகுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று குத்துகிறது என்று குளிக்க வந்தவர்கள் சொன்னார்கள். பேனலில் ஒன்றும் டிரிப் ஆகவில்லை. மீட்டரில் கைப்பிடிக்கும் தரைக்கும் இடையே நான்கு வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. மின்னோட்டம் தரும் வலுவில்லாத வெறும் மாய அளவாக இருக்குமோ என்று மீட்டருக்கு இணையாக ஒரு ஆயிரம் ஓம் தடையை மாட்டிப் பார்த்தேன், அளவு இறங்கவில்லை. ஈரமான உடலின் தடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். குளத்தின் மெயின் சுவிட்சை அணைத்தேன், பிறகு கட்டடம் முழுவதையும் அணைத்தேன். வோல்ட்டேஜ் அப்படியே நின்றது. அந்தக் கணத்தில் என்னோடு இருந்தவர்கள் முகத்தில் வந்த குழப்பம் எனக்கும் வந்திருந்தால் வெட்கப்பட மாட்டேன்.

மூலம் வெளியே இருந்தது. வினியோகப் பாதையில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வந்துகொண்டிருந்தன. அதன் ஓர் இணைப்பு கெட்டிருந்ததால், அக்கம்பக்கத்தார் பயன்படுத்திய மின்சாரம் திரும்பிச் செல்லும்போது அந்தக் கம்பியே தரையைவிட உயர்ந்த நிலையில் இருந்தது. அந்த உயர்வை எர்த் வயர் விசுவாசமாகச் சுமந்து வந்து பம்பின் உடலிலும், அதன் வழியே நீரிலும், கைப்பிடியிலும் சேர்த்தது. சுற்றியுள்ள கான்கிரீட் தரை மட்டும் பூமியின் நிலையிலேயே இருந்தது. பக்கத்தில் இன்னொரு எர்த் கம்பியை அடிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஊருக்கே சொந்தமான மின்னோட்டத்தை ஒரு கம்பி விழுங்கிவிடாது. வேண்டியது பிணைப்பு, அதாவது உலோகப் பாகங்களையும் தரையையும் செம்புக்கம்பியால் ஒன்றோடொன்று இணைப்பது; மின்சாரத்தைப் பூமிக்குள் அனுப்புவது அதன் வேலையே அல்ல. ஒருவர் ஒரே நேரத்தில் தொடக்கூடிய எல்லாவற்றையும் ஒரே நிலையில் வைத்திருப்பதுதான் அதன் வேலை.

வரைபடத்தில் தரைக்கடியிலுள்ள கம்பி வலைக்கும் ஏணிக்கும் பம்புக்கும் பிணைப்புச் செம்புக்கம்பி அழகாக வரையப்பட்டிருந்தது. ஓரத்தில் இரண்டு ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தபோது, வலையோடு சேரும் கிளாம்ப் பச்சைப் பொடியாகக் கையோடு வந்தது. புதிய கிளாம்புகளை இரண்டு இடங்களில் பொருத்தி, குறைந்த தடை அளக்கும் மீட்டரால் ஒவ்வொரு புள்ளியையும் மற்றொன்றோடு அளந்த பிறகே ஓட்டைப் பதிக்க விட்டேன். அன்று மாலை கைப்பிடிக்கும் தரைக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய சுழியமே காட்டியது. குளத்திலிருந்து தள்ளி, தோட்டத்து மண்ணில் ஒரு கம்பியைக் குத்தி அளந்தபோது குளம் முழுவதும், நீரும் ஏணியும் தரையும் சேர்ந்து, இன்னும் அந்த நான்கு வோல்ட் உயரத்திலேயே இருந்தது. ஆனால் கைப்பிடியை மாறி மாறித் தொட்டுப் பார்த்த ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. வினியோகத் துறையினர் நியூட்ரல் இணைப்பைச் சரிசெய்ய மேலும் சில நாட்கள் ஆயின.