மாக்டெபர்க் நாட்குறிப்பு: பணம் இருக்கிறது, கணக்கு இல்லை

2 அக்டோபர் 2025, வியாழன்

முகவரிப் பதிவு முடிந்தது. வீட்டுக்கார அம்மா கையெழுத்திட்டுத் தந்த உறுதிக் கடிதத்தையும் என் கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்த்த அலுவலர், அதிகம் கேள்வி கேட்காமல் சான்றிதழை அச்சிட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்தார். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் இதைச் செய்தாக வேண்டும் என்பது ஜெர்மனியின் சட்டம். வங்கிக் கணக்குக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். அந்தக் கணக்கு இருந்தால்தான் பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் விடுவிக்கும் முடக்கக் கணக்கில், கிடக்கும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ என் கைக்கு வரும். மாணவர் விசா வாங்குவதற்காக அப்பா ஊரில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பணம் அது. என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் நான் தொட முடியாது.

3 அக்டோபர், வெள்ளி

ஜெர்மனி ஒன்றிணைந்த நாளுக்கான விடுமுறை. திங்கட்கிழமை வரை எதுவும் நகராது.

6 அக்டோபர், திங்கள்

கைப்பேசியிலேயே கணக்கு திறந்துவிடலாம் என்று எல்லோரும் சொன்ன ஆன்லைன் வங்கி, வீடியோ அழைப்பில் இந்தியக் கடவுச்சீட்டை ஏற்பதில்லை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டது. அஞ்சல் நிலையத்தில் நேரில் அடையாளம் காட்டும் வழி இருக்கிறதே என்று கேட்டேன். அதற்கான விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு எழுத்து வந்து நின்றது. என் கடவுச்சீட்டில் அந்த வரி வெற்றிடமாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து கீழ் வரியில் இருக்கின்றன. பல்கலைக்கழகச் சான்றிதழிலோ அப்பாவின் பெயரைப் பிரித்துக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் ஏதேனும் ஒரு தாளோடு அது முரண்படுகிறது.

அக்டோபர் வாடகையை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் சொன்னார்.

8 அக்டோபர், புதன்

தபால்பெட்டியில் என் பெயரை ஒட்டினேன். இங்கே வீட்டு எண் சரியாக இருந்தாலும் பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி அடையாள எண், காப்பீட்டுக் கடிதம் என்று எல்லாமே தபாலில்தான் வரும். நகம் அகல பிளாஸ்டிக் பட்டைக்குள் ஏற்கெனவே இரண்டு பெயர்கள் இருந்தன; அவற்றின் கீழே காகிதத் துண்டில் என் முழுப் பெயரையும் எழுதிச் செருகினேன். இடம் போதவில்லை, அப்பா பெயரின் கடைசி எழுத்துகள் பட்டைக்கு வெளியே நின்றன. கழற்றி, சிறிய எழுத்தில் மறுபடி எழுதினேன். கடிதத்தில் எந்தப் பெயரை எந்த வரிசையில் அச்சிடுவார்கள் என்று தெரியாதபோது, இரண்டில் ஒன்றை விட்டுவிட எனக்குத் துணிவில்லை.

இரவிலும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். துண்டு நழுவவில்லை.

11 அக்டோபர், சனி

அப்பா அழைத்தார். "பணம் வர ஆரம்பிச்சிருச்சாம்மா?" என்றார். இன்னும் இல்லை, கணக்கு திறந்தவுடன் வரும் என்றேன். நகைக் கடனுக்கு இந்த மாத வட்டியைக் கட்டிவிட்டதாகத் தானாகவே சொன்னார், நான் கேட்கவில்லை. செலவுக்காக யூரோ ஏற்றிக் கொண்டுவந்த ஃபாரெக்ஸ் கார்டில் மீதி எவ்வளவு என்பதை அவரும் கேட்கவில்லை.

15 அக்டோபர், புதன்

இன்று நகரில் கிளை உள்ள ஒரு வங்கியில் முன்பதிவு செய்த நேரம். கடவுச்சீட்டு, விசா, பதிவுச் சான்றிதழ், மாணவர் சான்றிதழ் நான்கையும் வரிசையாக மேசையில் வைத்தேன். எந்த நாட்டில் வரி செலுத்துகிறீர்கள் என்ற கட்டத்துக்கு பான் எண்ணைக் கொடுத்தேன். இங்குள்ள 11 இலக்க வரி எண் தபாலில் வந்ததும் தருகிறேன் என்றேன், அதற்கு வங்கி அலுவலர் தலையசைத்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. குடும்பப் பெயர் கட்டத்துக்கு வந்ததும் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தென்னிந்தியாவில், குறிப்பாகத் தமிழர்களிடையே, குடும்பப் பெயர் என்ற வழக்கம் பரவலாக இல்லை, தந்தையின் பெயரை முதலெழுத்தாகவோ முழுமையாகவோ சேர்த்துக்கொள்கிறோம், எத்தனையோ கடவுச்சீட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணினி ஏற்கவில்லை, தூதரகத்தில் கடவுச்சீட்டைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார். அதில் பிழை இல்லை, பிறகு எதைத் திருத்துவது? புதிய கடவுச்சீட்டு வந்தால் விசா பழையதில் இருக்கும், பதிவுச் சான்றிதழ் பழைய எண்ணில் இருக்கும். மொத்தமும் முதலிலிருந்து தொடங்கும்.

எழுத்தில் மறுப்புத் தாருங்கள் என்று கேட்டேன். தரவில்லை.

16 அக்டோபர், வியாழன்

மதுரைக்கார அக்காவிடம் சொன்னேன். அவர் இங்கே மூன்றாம் பருவம் படிக்கிறார். "அடிப்படைக் கணக்குன்னு கேளு, அது சட்டப்படி உன் உரிமை" என்றார். இரவு முழுவதும் அதையே படித்தேன். 2016 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எந்த நுகர்வோருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும் புகலிடம் கோருபவருக்கும்கூட, இந்தக் கணக்கைத் திறந்து தர வேண்டும். விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாள்களுக்குள் வங்கி முடிவு செய்ய வேண்டும். சட்டத்தில் சொல்லப்பட்ட காரணம் இருந்தால்தான் மறுக்கலாம், அதையும் எழுத்தில் தர வேண்டும். அப்படியும் மறுத்தால் நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினிடம் முறையிடலாம். கட்டணம் இருக்கலாம், மாணவர்களுக்கான இலவசக் கணக்கோடு ஒப்பிட்டால் நட்டம்தான். இருக்கட்டும். எனக்கு முதலில் வேண்டியது ஒரு கணக்கு எண்.

17 அக்டோபர், வெள்ளி

அதே கிளையில் அடிப்படைக் கணக்குக்கான படிவத்தைக் கொடுத்தேன். நகலில் தேதி முத்திரை போட்டுத் தரும்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. வகுப்பு இருந்தது. அம்மாவின் முகத்தைத் திரையில் பார்த்தேன், காதில் கம்மல் இல்லை.

23 அக்டோபர், வியாழன்

தபால்பெட்டியில் என் பெயருக்கு ஒரு கடிதம்! வங்கியிலிருந்து அல்ல. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்ற ஒலிபரப்புக் கட்டணம் பற்றியது. எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒருவர் கட்டுகிறார், அவர் எண்ணை எழுதி அனுப்பினால் போதும் என்று வீட்டில் இருப்பவர்கள் சொன்னார்கள். கடிதம் வந்துசேர்ந்ததே எனக்குப் பெரிய நிம்மதி, ஆனால் அதில் அப்பாவின் பெயர்தான் முதலில் இருந்தது.

25 அக்டோபர், சனி

தூக்கம் வரவில்லை. ஊரில் உள்ள என் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. வெளிநாட்டில் படிக்கும் மாணவரும் அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடுவாழ் இந்தியர்தான் என்று ரிசர்வ் வங்கி 2003-லேயே சொல்லியிருக்கிறது. அங்கே உள்நாட்டுக் கணக்கு வைத்திருக்கத் தகுதி போய்விட்டது, இங்கே இன்னும் கணக்கே இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல். கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டுக் காப்பீட்டு நிறுவனமும் எழுதிவிட்டது. அப்பா இன்று அழைக்கவில்லை. அழைத்தால் என்ன சொல்வதென்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன்.

29 அக்டோபர், புதன்

திறந்துவிட்டார்கள்!

குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதி, மற்றதில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இதை இரண்டு வாரத்துக்கு முன்பே செய்திருக்க முடியும். கோபம் வருகிறது. வேறு யாராவது அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கடவுச்சீட்டைத் திருத்தவே போயிருப்பார்கள். டிஇ என்று தொடங்கும் 22 இடங்கள் கொண்ட ஐபானை, நான்கு நான்காகப் பிரித்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, பிளாக்டு அக்கவுன்ட் நிறுவனத்துக்கு அனுப்பினேன். அப்பாவிடம் சொன்னேன். சரி சரி என்றார், பிறகு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

31 அக்டோபர், வெள்ளி

சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இன்று மதச் சீர்திருத்த நாள் விடுமுறை. தபால் இல்லை.

1 நவம்பர், சனி

அட்டை வந்துவிட்டது. ரகசிய எண் பாதுகாப்புக்காகத் தனிக் கடிதத்தில் வரும் என்பதால், அது வரும்வரை இந்த அட்டையைக் கொண்டு பணம் எடுக்க முடியாது. பிளாக்டு அக்கவுன்ட்டில் இன்னும் ‘சரிபார்ப்பில் உள்ளது’ என்றே காட்டுகிறது. வாடகை மூன்றாம் தேதி. வீட்டுக்கார அம்மாவிடம் நாளை பேசுகிறேன், ஐபான் வந்திருக்கும் வங்கிக் கடிதத்தையும் காட்டுகிறேன்.