அம்மாக்குப் பின்னால போன ரயில்

ஒரு மாசமா இரவு இரவா கொழும்பு வெள்ளவத்தை கடற்கரைய ஒரு சின்ன கேமுக்கான காட்சியா செஞ்சுகொண்டிருக்கிறன், ஹெட்போன்ல ஒவ்வொரு சத்தமும் அதின்ர திசையில இருந்தே வாற மாதிரி. மரீன் டிரைவ்ல தெகிவளைப் பக்கம் பாத்து நிண்டா வலப்பக்கம் தண்டவாளம், அங்கால கடல், இடப்பக்கம் காலி வீதி பஸ் ஹோர்ன். முதல்ல வலது இடது வொல்யூம மட்டும் கூட்டிக் குறைச்சுப் பாத்தன், ஹெட்போன போட்டா அலை மண்டைக்குள்ள அடிக்குது.

வலப்பக்கச் சத்தம் இடது காதுக்குப் பிந்தித்தான் போகும், கூடினது 0.7 மில்லிசெக்கன் மட்டில, அதோட தலை மறைக்கிறதால கீச்சுச் சத்தங்கள் அந்தக் காதில குறையும். ஆனா நேர முன்னுக்கோ நேர பின்னுக்கோ இருந்து வந்தா ரெண்டு காதுக்கும் வித்தியாசமே இல்ல, அங்கதான் காது மடல் வேலை செய்யுது, அந்த மடிப்புகள்ல பட்டு வரேக்க திசைக்குத் திசை சத்தத்தின்ர தொனி மாறும். இத அளந்து எடுத்ததத்தான் எச்ஆர்டிஎஃப் எண்டுறது. நான் பாவிச்சது 1994ல அமெரிக்காவின்ர எம்ஐடி பல்கலைக்கழகத்தில ஒரு டம்மி தலையின்ர காதுக்குள்ள மைக் வச்சு 710 திசையில இருந்து அளந்த டேட்டா, இலவசமாவே கிடைக்குது.

அம்மாவ கண்ண மூடச் சொல்லி ரயில் சத்தத்த பின்னால விட்டன். "முன்னால போகுது தம்பி" எண்டா. டம்மியின்ர காது அம்மான்ர காது இல்லயே! பிறகு தலை திரும்பிறத அறிய என்ர ஃபோன ஹெட்போனுக்கு மேல கட்டி, அந்தத் திரும்பலுக்கு ஏத்த மாதிரி சத்தம் அந்தந்த இடத்திலயே நிக்கிற மாதிரி செய்தன், கொஞ்சம் பிந்தினாலும் சத்தம் இழுபடும், அதக் குறைக்கவே ஒரு கிழமை போச்சு. இந்தமுறை லேசா தலைய ஆட்டிப்போட்டு உடன "பின்னுக்கு" எண்டா. சுவர்ல பட்டுத் திரும்பிற எதிரொலியும் சேர்த்தாப் பிறகுதான் சத்தம் தலைய விட்டு வெளிய வந்தது.

எனக்கு கேம விட ஞாயிற்றுக்கிழமை குரூப் கோல்தான் முக்கியம். யாழ்ப்பாணத்தில பெரியம்மா, லண்டன்ல அக்கா, டொரண்டோல மாமா, எல்லாரும் ஒரே புள்ளியில இருந்து ஒண்டாக் கதைச்சா ஒண்டும் விளங்காது. 1953ல கொலின் செரி எண்ட ஆராய்ச்சியாளர் செய்து பாத்தவர், ரெண்டு பேச்ச கலந்து குடுத்தா பிரிச்சுக் கேக்கிறது சரியான கஷ்டம், காதுக்கு ஒண்டாக் குடுத்தா லேசு. அதால அவையளிட்ட கேட்டு வொயிஸ் எடுத்து, மேசையச் சுத்தி இருக்கிற மாதிரி ஆளுக்கொரு இடம் குடுத்தன், பெரியம்மா இடப்பக்கம்.

ரெக்கோர்டிங் எண்டு தெரிஞ்சும் அம்மா இடப்பக்கம் திரும்பி "ஓம் அக்கா" எண்டா. தலை திரும்பினதோட பெரியம்மான்ர குரல் நேர முன்னுக்கு வந்திட்டுது.