ஒரு மணி ஆனால் திரும்பிவிட வேண்டும்

பனிமலையின் உச்சிக்குப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கடைசிவரை படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

காலை எட்டு மணி, அடிவாரத்தில் மைனஸ் 4 டிகிரி. இருந்த துணியை எல்லாம் மாட்டிக்கொண்டு உருண்டையாக நின்றேன். அக்கா மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், அவ்வளவுதான். "கிளம்பும்போது லேசா நடுங்கணும்டா. இப்பவே கதகதன்னு இருந்தா தப்பு" என்றாள். கேட்டால்தானே!

இருபது நிமிட ஏற்றத்தில் உள்ளே போட்டிருந்த பருத்தி பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது. நடக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்க நின்ற ஐந்தாவது நிமிடம் பல் கிட்டியது. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பருத்தியோ அந்தத் தண்ணீரை விடவே விடாது. அக்கா என்னைத் திட்டவில்லை, பையிலிருந்து உலர்ந்த சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். மரத்தின் பின்னால் போய் அதை மாற்றிய அரை நிமிடத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அப்புறம்தான் காட்டைப் பார்த்தேன். புதுப்பனிக்குள் நிறையக் காற்று இருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது; நாலடி முன்னால் போகிறவளின் காலடிகூட அமுங்கித்தான் கேட்டது. பாதையின் குறுக்கே ஒரு முயல் ஓடிய தடம். முன்னால் பதிந்திருந்த இரண்டு நீளக் குழிகளும் பின்னங்கால்களாம். தாவும்போது அவை முன்னங்கால்களைத் தாண்டிப் போய் விழுகின்றன. நான் அது எதிர்ப்பக்கம் ஓடியதாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் எடுக்கலாம் என்றால் ஃபோன் 40 சதவீதத்தில் அணைந்துவிட்டது. சட்டைக்குள் வைத்துச் சூடேற்றியதும் உயிர் வந்தது. தண்ணீர் பாட்டிலை அக்கா தலைகீழாக வைத்திருந்தாள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அப்படி வைத்தால் மூடிப்பக்கம் அடைக்காது.

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதை 5 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டியது. பனியில் கால் புதைவதையும், நான் பனியனோடு பட்ட பாட்டையும் அவர் சேர்க்கவில்லை.

ஒரு மணிக்கு அக்கா நின்றாள். மரங்களுக்கு இடையே உச்சி தெரிந்தது, அரை மணி நேரம் இருக்கும். "இன்னும் கொஞ்சம்தானே அக்கா?" "எங்க இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பணும்னு கீழயே பேசினோம்ல?" எனக்குக் கோபம். கொஞ்ச தூரம் பேசாமல் இறங்கினேன்.

வெயில் படாத சரிவு வந்ததும் கோபத்துக்கு நேரமில்லை. பகலில் உருகிய நீர் வேர்களின் மேல் மறுபடி உறைந்து கண்ணாடியாக இருந்தது. ஷூவின் அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டும் இரண்டு முறை உட்கார்ந்தேன். ஏறியதைவிட இறங்கத்தான் அதிக கவனம் வேண்டியிருந்தது. ஊர் வெளிச்சத்தில் இருக்கும்போதே காட்டுக்குள் இருட்டிவிடுகிறது. கடைசிக் கால் மணி நேரம் நெற்றி விளக்கில்தான் நடந்தோம்.

கீழே வந்து பையைத் திறந்தால், சுருட்டிப் போட்ட பனியன் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. அக்கா அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.