மனைவியின் பித்தப்பை அறுவை சிகிச்சையும் கிடைக்காமல் இழுத்தடித்த ஒரு தாளும்

என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்கான லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும்) அறுவை சிகிச்சை முதல் முறை பாதியில் நின்றது. ஸ்கேன், இ.சி.ஜி., எக்கோ எல்லாம் முன்பே சரியாக இருந்தன. வயிற்றை விரிப்பதற்காக உள்ளே கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கியதும் நாடித்துடிப்பு சரிந்து இதயம் சில நொடிகள் நின்றுவிட்டதாகவும், உடனே வாயுவை வெளியேற்றி, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி கொடுத்து, மார்பை அழுத்தி மீட்டதாகவும் மயக்க மருத்துவர் வந்து சொன்னார். வயிற்றின் உட்சவ்வு திடீரென விரியும்போது இதயத்துடிப்பைத் தாழ்த்தும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இப்படி நேர்வதுண்டு என்று பொறுமையாக விளக்கிய அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இரத்த அழுத்தம் குறைந்ததால் ஒத்திவைக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. அட்ரோபின் ஊசிக்குப் பில்லில் விலை போட மறக்காதவர்கள், அதை ஏன் போட்டார்கள் என்று எழுத மறந்திருந்தார்கள். வலி மீண்டும் வந்து வேறு மருத்துவமனைக்குப் போனபோது, துடிப்பு குறைந்தது மயக்க மருந்து கொடுத்தபோதா, வாயு ஏறியபோதா என்று தெரியாமல் மயக்கம் கொடுக்க முடியாது என்று அங்கே கூறிவிட்டார்கள். மருந்து ஒவ்வாமை என்றால் மருந்தை மாற்ற வேண்டும். இதயத்திலேயே கோளாறு என்றால் அதை முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்டது நியாயமே.

பழைய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர், மயக்க மருந்து சார்ட், அதாவது அறுவையின்போது கொடுத்த மருந்துகளையும் நாடித்துடிப்பையும் நேரவாரியாகக் குறித்த தாள், நோயாளிக்குத் தரக்கூடியது அல்ல என்றார். பிறகு, கோப்பு இன்சூரன்ஸ் பிரிவில் இருப்பதாகச் சொல்லி அலையவிட்டார். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். அதைக் குறிப்பிட்டு, மனைவியின் கையொப்பத்துடன் மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்ட பிறகு, இல்லாத கோப்பு மறுநாளே கிடைத்தது. வாய்மொழியாக மட்டும் கேட்டு நிற்காதீர்கள்.

வாயு ஏறிய நேரமும் துடிப்பு சரிந்த நேரமும் அந்தச் சார்ட்டில் அடுத்தடுத்து இருந்தன. இரத்த அழுத்தத்துக்கு மனைவி எடுத்துவந்த பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் வகை) மாத்திரையும் துடிப்பை மேலும் தாழ்த்தியிருக்கலாம் என்று புதிய மருத்துவமனையில் சொன்னார்கள். அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால் இதய மருத்துவரே அளவைத் திருத்தினார். துடிப்பு சரியாமல் தடுக்கும் கிளைகோபைரோலேட் மருந்தை முன்கூட்டியே கொடுத்து, வயிற்றுக்குள் வாயுவின் அழுத்தத்தை வழக்கமான 12 முதல் 15 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே வைத்து, மெதுவாக ஏற்றினார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

வீடு திரும்பும் நாளில் கொடுத்த சம்மரியிலும் முந்தைய நிகழ்வு விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்து மறுபடி தட்டச்சு செய்து தந்த பிறகுதான் கையெழுத்திட்டோம்.